சனிக்கிழமை வைத்த விரால் குழம்பு

“…அதுக்கு மறுநாளுன்னு ஒண்ணு வராமயா பூடும் மாமா?” என்று அண்ணி கேட்டார். அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல், சந்தையில் கத்திரிக்காய் விலை விசாரிப்பதைப் போலத்தான் கேட்டார். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பேச்சு என் கல்யாணத்தைப் பற்றியது. அது நடக்குமா நடக்காதா என்பது அந்தக் கேள்விக்கு வரப்போகும் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணி என்றால் என் அண்ணன் பெண்சாதி. என்னைவிட ஐந்தாறு வயதுதான் பெரியவர். அம்மாவும் நைனாவும் போய்விட்ட பிறகு நகரி பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். திருத்தணி பக்கத்தில் எனக்கு மாப்பிள்ளை பேசி, வாய்வார்த்தையாக முடிந்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று அவரை ஒரே ஒரு முறை பார்த்தேன். தண்ணீர் குடித்த சொம்பைச் சத்தம் வராமல் தரையில் வைத்தார். எனக்கு ஏனோ அது போதுமானதாக இருந்தது. அதற்குள் எல்லை பிரித்தார்கள். அதுவரை அவர்களும் நாங்களும் ஒரே ஜில்லா. பிரித்த பிறகு திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவில் நின்றோம். ஊரே கூடிக்கூடிப் பேசியது. அண்ணி மட்டும், “நாம எங்கியும் போவல, அவங்கதான் போனாங்க. போனவங்கதான் வந்து பேசணும்” என்று சொல்லிவிட்டு வேர்க்கடலை உரிக்கப் போய்விட்டார்.

பேச வருகிறார்கள் என்று ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பியபோதே விஷயம் என்னவென்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. வேறு ராஜ்ஜியத்தில் பெண் எடுத்தால் பிறக்கிற பிள்ளை எந்த எழுத்தில் படிக்கும், ஆத்திர அவசரத்துக்கு யார் எந்த ஆபீசில் போய் நிற்பது என்று அவர்கள் பங்காளிகள் கிளப்பிவிட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில், சம்பந்தம் வேண்டாம் என்பதை யாரும் பெண் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாயால் சொல்ல மாட்டார்கள். வருவார்கள், மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசுவார்கள், எவ்வளவு வற்புறுத்தினாலும் கை நனைக்காமல் எழுந்து போய்விடுவார்கள். அந்த வீட்டில் சாப்பிடாமல் போனால் சம்பந்தம் முறிந்தது. சாப்பிட்டுவிட்டால் அப்புறம் முறிக்க முடியாது. தண்ணீர் குடிப்பது கணக்கில் வராது. “அப்ப நனைக்க வெச்சிட்டாப் போச்சு” என்றார் அண்ணி, ஏதோ துணி துவைக்கிற காரியம்போல.

அது சித்திரை மாதம். ஏரியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டால் ஊரே ஒரு நாள் குறித்து ஒன்றாக இறங்கி மீன் பிடிக்கும். அவர்கள் வருகிற காலையிலேயே அது அமைந்தது. அண்ணி ஏரிக்கரை ஊரில் பிறந்தவர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடியில்லாத மூங்கில் கூடையைச் சேற்றில் குத்திக் குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு முழங்கை நீளத்துக்கு இரண்டு விரால்களை எடுத்துவந்தார். போகும் முன் கிழமையைப் பார்க்காமல் போகவில்லை. அவர் பிறந்த வீட்டிலும் எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை அம்மனுக்கு. அன்று கவிச்சி கிடையாது. “நல்லவேள, வெள்ளி நேத்தோட பூட்ச்சி” என்று நிம்மதியாகச் சொன்னார். அதோடு நாங்கள் கிழமையை மறந்துவிட்டோம்.

வழக்கமாக விராலைக் குறுக்கே துண்டு போடுவோம். அன்று அண்ணி அப்படிச் செய்யவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு எப்போதோ தொண்டையில் முள் சிக்கி உயிர் போய் வந்ததாம். பெண் பார்க்க வந்தபோது அதை அவரே ஒரு பெரிய கதையாகச் சொல்லியிருந்தார். எல்லோரும் சிரித்துவிட்டு மறந்தோம். அண்ணி மறக்கவில்லை. மீனுக்குச் சாம்பல் பூசி, சொரசொரப்பான கல்லில் செதில் போகத் தேய்த்தார். அது வழுக்கிக்கொண்டு ஓடியபோது, “வழுக்கறது உன் தொழிலு, புடிக்கறது என் தொழிலு” என்று அதனிடமே சொன்னார். உப்பும் புளித்தண்ணீரும் விட்டுச் சேற்று வாடை போக அலசிய பிறகு பலகையில் கிடத்தி, தலைக்குப் பின்னால் கத்தியை வைத்து, நடுமுள்ளை ஒட்டியே வால் வரைக்கும் இழுத்தார். சதை ஒரு பக்கமாக, வாழைப்பட்டை உரிவதைப்போல எழுந்து வந்தது. திருப்பிப் போட்டு மறுபக்கமும் அப்படியே. பிறகு கண்ணை மூடிக்கொண்டு சதையின் மேல் விரலை ஓட்டினார். எங்கே குத்துகிறதோ அங்கே நிறுத்தி, நகத்தால் முள்ளைப் பிடுங்கினார். கண் பார்த்தால் ஏமாந்துவிடும், விரல் ஏமாறாது என்றார்.

தலையையும் நடுமுள்ளையும் புளிக்கரைசலிலேயே கொதிக்கவிட்டு, சாறு இறங்கியதும் எடுத்துவிட்டார். பச்சை மாங்காய் போட்டு, கடலை எண்ணெய் மேலே மிதந்து வந்த பிறகுதான் சதையைப் போட்டார். முள் இல்லாத மீன் கரண்டி பட்டால் கரைந்துவிடும். அதனால் கரண்டியே போடாமல், சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து மெல்லச் சுழற்றிவிட்டு இறக்கினார். வாசனை தெருமுனை வரைக்கும் போயிருக்கும்.

அந்த வாசனைக்குள்தான் அவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், மாப்பிள்ளையின் அப்பாவும் அவருடைய தம்பியும். பெரியவர் நெற்றியில் பளிச்சென்று நாமம். அதைப் பார்த்ததுமே எங்கள் தப்பு எனக்குத் தெரிந்துவிட்டது. அது திருப்பதி மலையானைக் கும்பிடுகிற வீடு. அவர்களுக்கு நாள் வெள்ளி இல்லை, சனி. மழையைப் பற்றிப் பேசினார்கள், மாட்டைப் பற்றிப் பேசினார்கள். அண்ணன் சாப்பிடக் கூப்பிட்டதும் பெரியவர் தயாராக இருந்தவர்போலச் சொன்னார்: “சனிக்கெழமன்னா நான் ஒரு பொழுதுப்பா. காலையிலயே முடிச்சிட்டேன். இனிமே பச்சத்தண்ணி தவிர எதுவும் வாயில வெக்கமாட்டேன்.” மோரும் சோறும் என்றுகூடக் கேட்க முடியாதபடி அடைத்துவிட்டார். தம்பிக்காரர், மற்றதை ஆள் அனுப்பிச் சொல்கிறோம் என்று மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அண்ணி அடுப்படி வாசலுக்கு வந்தார்.

விரதத்தைக் கெடுக்கச் சொல்லவில்லை என்றுதான் ஆரம்பித்தார். “மீன் கொழம்பு இன்னிக்கி வெச்சா நாளைக்கித்தான் மாமா அது கொழம்பு. ஊறட்டும். சனிக்கெழம சனிக்கெழமையாவே இருக்கட்டும்” என்றார். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

ராத்திரி எங்கள் வீட்டிலேயே படுத்து எழுந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் மீனை விரலால் பிய்த்துப் பிய்த்துப் பார்த்தார். “முள்ளு எங்கம்மா?” என்று கேட்டார். “எடுத்துட்டேன் மாமா. எங்க வூட்ல உங்களுக்கு எதுவும் தொண்டையில நிக்கக் கூடாது” என்றார் அண்ணி. அவர் மறுசோறு வாங்கிக்கொண்டார். கை கழுவியபோது, “பங்காளிங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்” என்றார், அவ்வளவுதான். ஆவணியில் நான் எல்லையைத் தாண்டி இந்த வீட்டுக்கு வந்தேன்.

இப்போது என் மருமகள் முள்ளில்லாத மீனைப் பையில் வாங்கிவந்து ஐஸ்பெட்டியில் வைக்கிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை, எனக்கும் கண் மங்கிவிட்டது. ஆனாலும் சமைப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை விரலை ஓட்டிவிடுவேன். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்த வீட்டில் சனிக்கிழமை இன்றும் மீன் கிடையாது.

அண்ணி போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. யாராவது அவரைப் பற்றிக் கேட்டால் குழம்பைப் பற்றி நான் அதிகம் சொல்வதில்லை. அந்தச் சனிக்கிழமை மத்தியானத்தைச் சொல்வேன். மறுநாள் வராமல் போய்விடுமா என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெரியவர் வாயைத் திறப்பதற்குள் அவர்களைக் கடந்து தெருவுக்கு இறங்கினார். அவர்கள் வந்தது உடனே திரும்பப் போகிற வண்டி என்பதால் மாடுகள் நுகத்தடியிலேயே நின்றிருந்தன. அண்ணி பூட்டாங்கயிற்றை அவிழ்த்து, இரண்டு மாடுகளையும் எங்கள் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு போய், தவிடு கலந்து தண்ணீர் காட்டினார்.