கை வைக்கக் கூடாத செடிகள்

பல்கலைக்கழகச் செய்தி மடல் மாதம் ஒருமுறை தபால் வேன் மூலம் மலையேறி வரும். 'ஊழியர்களுக்கான செய்திகளும் வரவிருக்கும் நிகழ்ச்சிகளும்' என்று முகப்பில் போட்டிருக்கும். வரவிருக்கும் நிகழ்ச்சிகள் எங்களிடம் வந்து சேர்வதற்குள் முடிந்து போயிருக்கும். பூப்பந்துப் போட்டி, குடும்ப தினம், யாரோ ஒரு பேராசிரியருக்குப் பிரிவுபசார விருந்து. சாப்பிட்டதெல்லாம் செரித்துப் போன பிறகு எங்களை அன்போடு அழைப்பார்கள். நான் சிரித்துக்கொண்டே அதை அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்பேன்.

எழுபதுகளின் கடைசி அது. கம்போங் ராஜா போகும் மலைச்சாலைக்கு மேலே இருந்த, பல்கலைக்கழகத்தின் சின்ன ஆய்வு நிலையத்தில் நான் டைப்பிஸ்ட். அம்மா அங்கேயே தோட்டத்தில் நாள்கூலி. அப்பா இறந்த பிறகு, வயதாகிவிட்டது என்று தேயிலை எஸ்டேட்டில் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும், அதுதான் எஸ்டேட் நியாயம். எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார்.

"திருவிழா வரைக்கும் இருந்துக்குங்க. அதுக்கு மேல துரைக்கு நான் பதில் சொல்ல முடியாதுலா."

நிலையத்தின் பின்பக்கம் ஒரு வீடு காலியாகக் கிடந்தது. ஆனால் அது நிரந்தரத் தோட்ட ஊழியருக்குத்தான். டைப்பிஸ்டுக்குக் கிடையாது, நான் கேட்டு மூக்குடைபட்டு வந்தாயிற்று. அம்மா நிரந்தரமானால் வீடு. இல்லையென்றால் சட்டி பானையோடு நடுத்தெரு. இந்தக் கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவோ நன்றாகச் சாப்பிட்டாள். அதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வேறு.

அந்த மாத மடல் அதிசயமாக நேரத்துக்கு வந்தது. துணைவேந்தர் ஒரு குழுவோடு மலை நிலையத்தைப் பார்வையிட வருகிறாராம். நாள்கூலிகளில் யாரை நிரந்தரமாக்குவது என்று அப்போதே முடிவு செய்வார்களாம். வீட்டில் அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

"பெரிய துரை வர்றாரு" என்றாள்.

"துரை இல்லம்மா. யுனிவர்சிட்டி ஆளு."

"யாரா இருந்தா என்ன, வந்தா கண்ணு மொதல்ல செடிமேலதான் போகும்."

எஸ்டேட்டில் பெரிய துரை வருகிறார் என்றால் ஊரே தலைகீழாகும். வழியோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள், புல்லைச் செதுக்குவார்கள், தேயிலையை மட்டமாக வெட்டிவிடுவார்கள். ஒரு செடி தலைதூக்கி நின்றாலும் கங்காணிக்கு எல்லார் முன்னாலும் திட்டு விழும். அம்மா அப்படியேதான் நிலையத்திலும் ஆரம்பித்தாள். கல் வெள்ளையானது, புல் ஒழுங்கானது. நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

பின்பக்கச் சரிவில் மட்டும் ஒரு துண்டு நிலம் காடாக நின்றது. அங்கே ஆராய்ச்சி செய்தவர் ஒரு மலாய் விரிவுரையாளர். அம்மணி என்பது போல மரியாதையாகப் புவான் என்று கூப்பிடுவோம். கொழுந்து பறிக்காமல், வெட்டாமல் விட்டால் தேயிலை எப்படி வளர்கிறது என்று வருஷக்கணக்காக அளந்து வந்தார். அந்தக் கணக்கை வைத்துத்தான் வெளிநாட்டுக்கு மேல்படிப்புக்குப் போவதாக இருந்தார். அதில் கை வைக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

துணைவேந்தர் வரும் நாள் காலையில் பனி விலகாத நேரத்தில் மேலே ஏறிப் போனேன். சரிவு முழுவதும் பாய் விரித்த மாதிரி மட்டமாக இருந்தது. அம்மாவும் லயத்துச் சிநேகிதிகள் இருவரும் செடி வெட்டும் கவாத்துக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப் போய் அம்மா முன்னால் நின்றேன்.

"கை வைக்காதேன்னு சொன்னாங்கல்லம்மா!"

"சொன்னாங்க. அதுக்காகத் துரை வர்ற அன்னிக்குமா? பார்த்தா மானம் போகும்டி."

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே புவான் வந்தார். வெட்டிய கிளை ஒன்றைத் தொட்டார். முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தார். கீழே ஜீப் சத்தம் கேட்டது. போச்சு, வீடு போச்சு என்று நினைத்தேன். அவர் இழந்ததை நினைக்கவில்லை, வீட்டைத்தான் நினைத்தேன்.

துணைவேந்தர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு அந்தச் சரிவில் வந்து நின்றார். இவ்வளவு நேர்த்தியாக யார் செய்தது என்று மலாயில் கேட்டார். புவான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வெட்டிய செடிகளைப் பார்த்தார். பிறகு அம்மாவின் தோளில் கை வைத்து, "இந்த மக்சிக்தான்" என்று, சொந்த அத்தையைச் சொல்வது போலச் சொன்னார். யாரோ படம் எடுத்தார்கள்.

அடுத்த மடலில் அம்மாவின் படமும் நிரந்தர நியமனச் செய்தியும் வந்தன. திருவிழாவுக்கு முன்பே புது வீட்டில் பால் காய்ச்சினோம். படத்தைச் சுவரில் ஒட்டலாம் என்றேன். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். புவான் இழந்தது அவளுக்குப் புரியவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஆனால் அதற்கடுத்த மடல் வந்ததும் கேட்டாள்.

"ஏண்டி, படிக்க வெளிநாடு போறவங்க பேரெல்லாம் போடுவாங்கல்ல. அதுல அந்தம்மா பேரு இருக்கா?"

இல்லை. மாதா மாதம் அதே கேள்வி, அதே பதில். புவான் மறுபடி முதலிலிருந்து அளந்துகொண்டிருந்தார். அம்மா அந்தச் சரிவைச் சுற்றி மூங்கில் வேலி கட்டினாள். யாராவது பார்வையிட வருகிறார்கள் என்று மடலில் இருந்தால் கவாத்துக் கத்தியைப் பெட்டியில் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிடுவாள். நானோ மடலைப் பிரித்ததும் முதலில் அந்தப் பெயரைத்தான் தேடுவேன். முன்பு போலச் சிரிப்பு வரவில்லை.

செடிகள் திரும்பவும் ஆள் உயரத்துக்கு வளர்ந்த பிறகு, யாரோ பார்வையிட வருவதால் சாவி என்னிடம் இருந்த ஒரு மாதம், அந்தப் பெயர் வந்தது.

"இருக்கும்மா."

"நல்லாப் பாரு."

மறுபடி வாசித்தேன். அம்மா சமையலறை ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

"அப்ப சாவியக் குடு. அந்தச் செடியப் பார்க்கவே சகிக்கலைலா."