காப்புக் கட்டிய ஊருக்கு வெளியே

முதல் ஊரடங்கில் நான் தங்கியிருந்த லாட்ஜை மூடிவிட்டார்கள். வீரசோழனில் கடை வைத்திருக்கும் ஒருவர் படுக்க இடம் தருவதாகச் சொன்னார். காலை ஆறு மணிக்கு அருப்புக்கோட்டையிலிருந்து நடந்தேன். விசைத்தறிகள் நின்றிருந்தன. அந்த ஊரில் என் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது அன்றுதான்.

வழியில் திருச்சுழி வரை பதினைந்து கிலோமீட்டர். ஏழரை வரை ரோட்டில் ஆளே இல்லை. நடுவில் நின்ற மயிலுக்கு நான்தான் ஒதுங்கிப் போனேன்.

ரோட்டை விட்டுக் குறுக்குவழியாக வற்றிய கண்மாய்க்குள் இறங்கியதும் நின்றுவிட்டேன். புழுதி முழுக்கக் காலடிகள், சைக்கிள் தடங்கள். கண்ணில் ஒருவரும் படவில்லை. தூரத்தில் பைக் சத்தம்.

"உக்காருங்கண்ணே, போலீஸு!" என்றது கருவேலங்காடு.

உட்கார்ந்தேன். பைக் போனதும் முள்ளுக்குள்ளிருந்து பதினொரு பேர் எழுந்தார்கள். ஆளுக்கொரு பக்கமாய் நடந்து மறைந்தார்கள்.

குரல் கொடுத்தவர் மட்டும் நின்றார். பெயர் கருப்பையா. கையில் ஈரத்துணி சுற்றிய மண்கலயம்; உள்ளே மனைவிக்கு இன்சுலின்.

"வெயில்ல கெட்டுப்போகும்ல. நேத்து போறதுக்குள்ள மருந்துக்கடைய அடைச்சுட்டாக. டவுன்லயே கெடந்து, விடியமுன்ன கடக்காரர எழுப்பி வாங்குனேன். வீட்ல மருந்து சுத்தமா தீந்துருச்சு. மயங்கிருவா."

சேர்ந்து நடந்தோம். பத்தரைக்கு அவர் ஊர் எல்லை. ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. பாதையை முள் வெட்டி அடைத்து, மேலே வேப்பிலை கட்டியிருந்தார்கள். திருவிழா இல்லாமலே காப்பு! காப்புக் கட்டியபின் ஊர்க்காரர் வெளியே ராத்தங்கினால், காப்பு அவிழ்க்கும்வரை உள்ளே வரக்கூடாது. அம்மனுக்கு இருந்த கட்டுப்பாட்டை நோய்க்கு வைத்திருந்தார்கள்.

காவல் நின்றவர் கருப்பையாவின் சித்தப்பா மகன்.

"ராத்தங்கிட்டீகளேண்ணே."

"ஏலே, நானா ஆசப்பட்டுத் தங்குனேன்? மாமியா வீட்டு விருந்தா?"

"என்னைய வையாதீக. ஊர்க்கட்டு."

காவல்காரர் ஆட்டுக்குக் குழை பறிக்கும் தொரட்டிக்கம்பை முள்ளுக்கு மேலே நீட்டினார். கருப்பையா அதில் கலயத்தை மாட்டினார். உள்ளே காத்துநின்ற அவர் மனைவி பாண்டியம்மா அதை வாங்கிக்கொண்டு, காவல்காரரைப் பார்த்தார்.

"எனக்குக் கண்ணு மங்கல். ஊசிய இவுகதான் போடுவாக. நீ போடுறியா?"

காவல்காரர் கம்பைத் தரையில் ஊன்றினார்.

பாண்டியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கலயத்தோடு முள்ளுக்குள் இறங்கினார்.

"வெளிய போனா வரமுடியாது, மதினி!"

"தெரியும்லே."

இந்தப் பக்கம் வந்தபோது காலெல்லாம் ரத்தக்கோடுகள். கருவேல நிழலில் கருப்பையா ஊசி போட்டார்.

காவல்காரர் அந்த அம்மா வந்த இடைவெளியை முள் வைத்து அடைத்தார். அடைத்து முடித்து, "சோறு இந்தக் கம்புல வரும், மதினி" என்றார்.

எனக்கு வீடில்லை, வெளியிடங்களில் படுப்பது பழக்கம். சொந்த வீடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருவர் தரையைக் கூட்டிப் படுக்க இடம் பார்த்ததை அதற்கு முன் கண்டதில்லை. திரும்பிப் பார்த்தேன். முள்ளுக்கு உள்ளே மொத்த ஊரும் அவர்களைப் பார்த்தபடி நின்றிருந்தது.