கல்லாற்றில் ஒரு பொய் ஸ்டாப்

டிரைவர் போட்ட பிரேக்கில் என் நெற்றி முன்சீட்டுக் கம்பியில் இடித்தது. நல்ல யோசனைகள் அமைதியான இடத்தில்தான் வரும் என்கிறார்கள். எனக்கு வந்தது பொன்முடி பஸ்ஸில், வீங்கிய நெற்றியோடு.

ஞாயிற்றுக்கிழமை என்று நானும் அக்காவும் மலைக்குக் கிளம்பியிருந்தோம். அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. நாகர்கோவில்காரர், எங்கள் மரபணு ஆய்வகத்தில் எனக்கு சீனியர், பக்கத்து மேசை. அவர் சோதனைக் குழாய்களோடு மல்லுக்கட்டுவார், நான் கம்ப்யூட்டரோடு. நான் செய்வது வேலையே இல்லை என்பது அவருடைய அசைக்க முடியாத கருத்து.

பஸ் கல்லாற்றில் ஒரு டீக்கடை முன்னால் நின்றிருந்தது. கண்டக்டர் மலையாளத்தில் கத்தினார்: "இவிடெ எந்தினா நிர்த்தியது? ஸ்டாப் அப்புறத்தல்லே!" ஸ்டாப் இன்னும் தள்ளி இருக்கிறதாம்.

"போர்டு கண்டு, நிர்த்தி," என்றார் டிரைவர். இந்த ரூட்டுக்குப் புதியவர், போர்டைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

போர்டு இருந்தது உண்மைதான். நிஜ ஸ்டாப்பில் உள்ள அதே மஞ்சள், அதே கறுப்பு எழுத்து, அதே பஸ் படம். டீக்கடைக்காரர் தானே எழுதி நட்டது. "கச்சவடம் வேண்டே சேட்டா?" என்று சிரித்தார். வியாபாரம் நடக்க வேண்டாமா என்று கேட்கிறார். அதற்குள் கடையில் நின்ற ஒரு கூட்டம் பிரியாணி அண்டாவோடு ஏறிவிட்டது. அண்டாவில் பாதி என் மடியில். பொன்முடி வரைக்கும் இறங்கவில்லை.

அண்டாவைப் பிடித்தபடி யோசித்தேன். நிஜ ஸ்டாப்புகளுக்கு ஒரு கேடும் இல்லை. அவை இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. நடுவில், யாரும் பார்க்காத இடத்தில், ஒரு பொய் போர்டு முளைத்தால் போதும். சம்பந்தமில்லாத கூட்டம் உள்ளே வந்துவிடும்.

"அக்கா! நம்ம பிள்ளைக்கும் இதுதான்!"

"எந்தப் பிள்ளைலே? நான் அறியாம ஒனக்குப் பிள்ளை வேற உண்டா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

நம்ம பிள்ளை என்று நாங்கள் சொல்வது ஒரு ஆறு வயதுச் சிறுமியை. பார்த்ததில்லை. பெயர் தெரியாது, தெரியவும் கூடாது. எங்களுக்கு அவள் குழாயில் ஒட்டிய ஓர் எண். தசைகள் வலுவிழந்து வருகின்றன, படியேற முடியவில்லை என்று டாக்டரின் குறிப்பில் இருந்தது. ஒரு குறிப்பிட்ட மரபணுவின் இரண்டு பிரதிகளும் கெட்டால்தான் இந்த நோய். அம்மா தந்த பிரதியில் பிழை கிடைத்தாயிற்று. அப்பா தந்ததில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தவன் நான். காரணம் உறுதியானால்தான் புது மருந்துச் சோதனையில் அவளைச் சேர்ப்பார்கள். மாதக் கடைசிக்குள் சொல்லாவிட்டால் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிக் கோப்பை மூட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மரபணு என்பது நான்கே எழுத்துகளில் எழுதிய நீளமான வாசகம். செல் அதைப் படிக்கும்போது எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதில்லை. நடுவில் வரும் நீளமான பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு, வேண்டிய துண்டுகளை மட்டும் ஒட்டிக்கொள்ளும். இதற்கு ஸ்பிளைசிங் என்று பெயர். எங்கே வெட்டுவது என்பதற்கு ஓரங்களில் சில எழுத்துகள் அடையாளம். எறிய வேண்டிய பகுதியின் நடுவில் ஓர் எழுத்து மாறி, அதே மாதிரி ஓர் அடையாளம் உருவானால்? செல்லும் நம் டிரைவர் மாதிரிதான். போர்டு கண்டு, நிர்த்தி. ஒரு குப்பைத்துண்டு அண்டாவோடு ஏறிவிடும்.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். பிறகு ஏன் அங்கே தேடவில்லை? ஒரு தாள்தான் காரணம். திங்கட்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகும் மரபணு மாற்றப் பட்டியல் எதுவும் ஒரே தாளுக்குள் அடங்க வேண்டும் என்பது எங்கள் பேராசிரியரின் சட்டம். "ஒரு பேஜ் மதி. ரெண்டாமத்தெ பேஜ் ஞான் நோக்கில்ல." சேர்ந்த மாதம் என் பட்டியல் மூன்று தாள் வந்தது. எழுத்தைப் பொடியாக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, பட்டியலை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்கே பட்டியல் போடும் என் கம்ப்யூட்டர் நிரலில் ஒரு வரி சேர்த்தேன்: வெட்டி எறியும் பகுதிகளில், ஓரத்திலிருந்து இருபது எழுத்துக்கு அப்பால் உள்ள மாற்றங்களையெல்லாம் விட்டுவிடு. பட்டியல் ஒரு தாளில் சமர்த்தாக உட்கார்ந்தது. பாராட்டு கிடைத்தது. அந்த வரி இருப்பதையே மறந்துபோனேன்.

இதை அண்டாவுக்கு மேலாக அக்காவிடம் சொன்னேன்.

"அப்போ ஒரு தாளுக்காகப் பிள்ளையத் தூக்கி எறிஞ்சிருக்க."

"ஆமாக்கா."

"நல்ல காலம் மக்கா, சார் போஸ்ட் கார்டு கேக்கல."

திங்கட்கிழமை முதல் வேலையாக அந்த வரியை நீக்கினேன். அந்த மரபணு முழுவதையும் எடுத்து, வெட்டும் அடையாளங்களுக்கு மதிப்பெண் போடும் ஒரு நிரலிடம் கொடுத்தேன். ஏராளமான மரபணுக்களைப் படித்துப் பழகிய நிரல், நான் எழுதியதல்ல, ஆகவே நம்பலாம். மாற்றம் இல்லாமல் ஒரு மதிப்பெண், மாற்றத்தோடு ஒரு மதிப்பெண். பெரும்பாலானவை அசையவில்லை. ஒன்று மட்டும் எகிறியது. வெட்டி எறியும் பகுதியின் நட்டநடுவில், அப்பா தந்த பிரதியில்.

இரண்டு தாளோடு போய் நின்றேன். பேராசிரியர் இரண்டாவது தாளைத் திருப்பினார். வரலாறு.

"ஆரா அந்த வரி எழுதியது?"

"நான்தான் சார்." சட்டம் உங்களுடையது என்ற மீதியை விழுங்கிவிட்டேன்.

"இது கம்ப்யூட்டர் பறைஞ்ஞது. செல் எந்து பறைஞ்ஞு?"

கம்ப்யூட்டர் சொன்னது இருக்கட்டும், செல் என்ன சொல்கிறது என்கிறார். நியாயமான கேள்வி. மதிப்பெண்ணை நம்பி எந்த டாக்டரும் கையெழுத்துப் போட மாட்டார். சிறுமியின் தசைத் துணுக்கு ஒன்று உறைபெட்டியில் மிச்சம் இருக்கிறது, கடுகளவு. ஒரு முறைதான் முயல முடியும். நாளைக் காலை அக்கா அதிலிருந்து, செல் வெட்டி ஒட்டி முடித்த வடிவமான ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அந்த அதிகப்படித் துண்டு உள்ளே ஏறியிருக்கிறதா என்று பார்க்கப் போகிறார். ஏறியிருந்தால் டாக்டரைக் கூப்பிடுவோம். இல்லாவிட்டால் மாதக் கடைசிக்குள் மற்ற மாற்றங்களையும் ஒவ்வொன்றாகத் தோண்ட வேண்டும்.

"எட்டு மணிக்கு வந்திரு. குழாயில எண் எழுதற வேலை ஒனக்கு. அதையாவது உருப்படியாச் செய்வியா?" என்றார் அக்கா.

செய்வேன். அதற்குள், அந்த வரி இல்லாமல், இதுவரை 'ஒன்றும் இல்லை' என்று நான் எழுதிக்கொடுத்த பழைய எண்கள் அத்தனையையும் நிரலில் ஓடவிட்டிருக்கிறேன். பட்டியல் எத்தனை தாள் வந்தாலும் சரி.