கரும்பு வெட்டில் தொலைந்த இடம்

சளிப்பூசணம், அதாவது ‘ஸ்லைம் மோல்ட்’, என்றால் எனக்குப் பைத்தியம். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் சித்தப்பாவின் கரும்புத் தோட்டத்தில், காய்ந்து உதிர்ந்த கரும்பு இலையான சோகையின் ஈரத்துக்கு அடியில் நரம்பு நரம்பாக மஞ்சளாய்ப் படர்ந்திருந்ததை டிபன் பாக்ஸில் எடுத்துவந்து வளர்த்தேன். பிளேடால் இரண்டாக நறுக்கினேன். இரண்டும் ஓட்ஸைத் தேடி ஊர்ந்தன. பக்கத்தில் வைத்தேன், மறுபடி ஒன்றாகிவிட்டன. மூளை கிடையாது. ஆனாலும் போன தடத்தில் சளியை விட்டுவைத்து, அங்கே திரும்பப் போகாமல் புது வழி தேடும். கல்லூரியிலும் தோட்டத்திலும் கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னேன்.

அதே கையால்தான் பூனைக்குட்டிகளையும் தூக்கினேன்.

கரும்பு வெட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர்தான் கூப்பிட்டுக் காட்டினார். சோகைக்குள் கண் திறக்காத இரண்டு குட்டிகள், உடம்பெல்லாம் வரிசையாகக் கறுப்புப் புள்ளி, வளர்ந்தால் துரு நிறமாகும். துரும்பன் பூனை. அருகிவரும் இனம், படத்தில் மட்டுமே பார்த்தது. நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுக்க மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோனேன்.

அரை மணிதான் இருக்கும். திரும்பினால் வெட்டு எங்கோ முன்னால் போயிருந்தது. தரை முழுக்க ஒரே சோகை. தாய் தேடிவரும் இடம் எது? மூளையில்லாத சளிகூடத் தடம் வைக்கிறது. நான் ஒரு குச்சிகூட நட்டுவைக்கவில்லை. இது நறுக்கினாலும் பிழைக்கிற உயிரும் இல்லை. குட்டிகளோடு அக்காவிடம் ஓடினேன்.

"எங்கிருந்து எடுத்தயோ அங்கயே வெய்யி கண்ணு."

"எடம் தெரியலக்கா."

"நல்லாப் படிச்ச போ. உன் டப்பாவுல இருக்கறதாட்டம் இது ஊர்ந்து போயிச் சேந்துக்குமா?"

வெட்டுக்காரர்கள் ஆளுக்கொரு வரிசை பிடித்தால் கடைசிவரை மாற மாட்டார்கள். அக்கா தன் வரிசையில் கிடந்த கட்டுகளை எண்ணிக்கொண்டே பின்னோக்கி நடந்தார். "நீ தூக்கிக்கிட்டுப் போறப்ப நாலாவது கட்டு கட்டிக்கிட்டு இருந்தன். இதான்."

குட்டிகளை வைத்துச் சோகையால் மூடினோம்.

"வா போலாம். நீ நின்னா ஆத்தாக்காரி வர மாட்டா."

கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றுத்தூக்குகளைச் சுற்றி இரண்டு நாய்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு திரிந்தன. கல்லெறிந்து விரட்டினேன், கொஞ்ச தூரம் போய் உட்கார்ந்துகொண்டன. பொழுது சாயும்வரை கீச்சுக்குரல் கேட்டது. பிறகு ஒன்று மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. போய்ப் பார்க்கக் கால் வரவில்லை.

காலையில் அக்காதான் பார்த்துவிட்டு வந்தார். சோகை விலகிக் கிடந்ததாம். குட்டிகள் இல்லை. ரத்தமும் இல்லை.

"தூக்கிக்கிட்டுப் போயிட்டா, பயப்படாத."

நாயும் சில சமயம் ரத்தம் சிந்தாமல் கவ்விக்கொண்டு போகும். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.