பந்தி மேசையில் சதுரங்கம்

எங்கள் பகுதிக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம், முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடமாகிவிடும். பந்தியில் இலைக்குக் கீழே போடுகிற வெள்ளைக் காகிதச் சுருளையே மேசை நீளத்துக்கும் விரித்து, ஒரு வரிசையில் பிள்ளைகள் படம் வரைவார்கள். அடுத்த வரிசையில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் செல்போனில் ரயில் டிக்கெட் எடுக்கவும் பேரப்பிள்ளைகளுக்குப் படம் அனுப்பவும் கற்றுக்கொள்வார்கள். காற்றோட்டமான மூலையில் பெண்களுக்கு யோகா. நடு மேசைகளில் சதுரங்கம். யாருக்கும் கட்டணம் கிடையாது. போகும்போது கூடத்தைப் பெருக்கி, நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

வைகாசியிலும் ஆவணியிலும் மண்டபத்துக்கு ஓய்வே இருக்காது. எங்கள் வகுப்புகள் வாரக்கணக்கில் நின்றுபோகும். முதல் நாள் கல்யாணம் நடந்திருந்தால், மறுநாள் காலையில் ரசவாடைக்கு நடுவே உட்கார்ந்து ஆடியதும் உண்டு. ஆடி பிறந்துவிட்டால் நிலைமை தலைகீழ். நல்ல காரியம் எதையும் ஆடியில் தொடங்கக் கூடாது என்று ஊரே ஒதுங்கி நிற்கும்போது, நாங்கள் மட்டும் வாரம் தவறாமல் எதையாவது புதிதாகத் தொடங்கிக்கொண்டிருப்போம். எனக்கு அதில் ஒரு திருட்டுச் சந்தோஷம்.

மகளைச் சதுரங்கத்தில் சேர்த்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பரதநாட்டியத்தில் சேர்த்தேன், கால் வலிக்கிறது என்றாள். கீபோர்டில் சேர்த்தேன், டீச்சர் முறைக்கிறார் என்றாள். அவள் படிக்கிற பள்ளியில் வாரா வாரம் பரீட்சை வைத்து, மார்க்கைப் பெற்றோர் போனுக்கு அனுப்புவார்கள். அந்தச் செய்தியைப் பார்த்ததும் நான் கத்துவேன், அவள் அழுவாள், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து தோசை சாப்பிடுவோம். ஒன்பது வயதுப் பிள்ளை, யாரும் அதட்டாமல் தானே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியது அந்தச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மட்டும்தான். அதனால் அங்கே அவள் ஆடுகிறாளா தூங்குகிறாளா என்றுகூட நான் ஆரம்பத்தில் கேட்கவில்லை.

சதுரங்கம் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனாலும் எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிடுவோம். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத் துணையாகப் பெரியவர் ஒருவர் வகுப்பு முடியும்வரை இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. அப்படி இருந்தவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். சுவரோரம் நாற்காலி போட்டுக் கீரை ஆய்ந்தோம். ஆளுக்கொரு மாமியார் இருந்ததால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. சத்தம் சதுரங்க மேசைவரை போயிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் இரண்டு போர்டுகளைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்து, இங்கே சும்மா உட்கார யாருக்கும் இடமில்லை, நீங்களும் ஆடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் வாயை அடைக்க அவர் கண்டுபிடித்த வழி அது. வழி பலித்தது.

எனக்கு ஆட்டம் பிடித்துப்போனது. ஆனால் கைக்கு வரவில்லை. நான் முட்டை வியாபார அலுவலகம் ஒன்றில் பில் போடுகிறவள். மேசைமேல் எது கோணலாக இருந்தாலும் எனக்குப் பொறுக்காது. ஒரு குதிரை சாய்ந்து நின்றால் கை தானாகப் போய் அதை நேராக நிறுத்தும். தொட்ட காயைத்தான் நகர்த்தியாக வேண்டும் என்பது சதுரங்கத்தில் கறாரான விதி. நல்ல நிலையில் இருந்த ஆட்டங்களை இப்படிக் காய்களை ஒழுங்குபடுத்தப் போயே கோட்டை விட்டேன்.

எனக்கு எதிரே உட்காருவது பெரும்பாலும் கோழிப்பண்ணை வைத்திருக்கும் அக்கா ஒருவர். மரியாதை தெரிந்தவர். என் ராணியைத் தூக்குவதற்கு முன்னால், "எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்பார். வேண்டாம் என்றால் மட்டும் விட்டுவிடவா போகிறார் என்று எரிச்சலாக வரும். தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து, பாத்திரம் தேய்க்கும்போது அந்த ஆட்டம் முழுவதையும் வாய்க்குள் முணுமுணுத்தபடி திரும்ப ஆடுவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால், பிள்ளைக்குத் துணைக்குப் போகிறேன் என்றுதான் சொல்வேன். லாரியோடு வடக்கே போயிருக்கும் என் வீட்டுக்காரரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

மகளும் என்னைப் போலத்தான். மார்கழியில் நடந்த முதல் போட்டியில் ஆடிய அத்தனை ஆட்டமும் தோற்றாள். அடுத்த மேசைப் பையன் அவளை "முட்டை" என்றான். சைபர் வாங்கினால் முட்டை என்பது எல்லா ஊரிலும் இருக்கிற கிண்டல்தான். இருந்தாலும், முட்டையை வைத்தே சோறு தின்கிற ஊரில் அதைச் சொல்லி ஒரு பிள்ளையை அழ வைப்பதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை ஒரு பிடி பிடித்தேன். பக்கத்தில் நின்ற அவன் அம்மாவையும் விடவில்லை. அதனால் நடந்தது என்னவென்றால், அதுவரை கேட்காதவர்களுக்கும் அந்தப் பெயர் தெரிந்துபோனது. அன்று வீடு வந்து சேரும்வரை மகள் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

ஆடியில் அடுத்த போட்டி வைத்தார்கள். ஆள் போதவில்லை, அதனால் அம்மாக்களும் பெயர் கொடுக்கலாம் என்றார் மாஸ்டர். பண்ணைக்கார அக்கா உடனே கொடுத்தார். நானும் கொடுத்தேன், அலட்சியமாகக் கொடுப்பதுபோல. போட்டியன்று காலையில் தலை பின்னிவிடும்போது, கண்ணாடியைப் பார்த்தபடியே மகள் சொன்னாள்:

"இன்னைக்கும் முட்டைன்னா இனிமே நான் அங்க வரமாட்டேனுங்கம்மா."

அழாமல் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னால் சாயங்காலத்துக்குள் மாற்றிவிடலாம். அழாமல் சொன்னால் சொன்னதைச் செய்துவிடுவாள். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி கேட்பார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். இந்தப் பிள்ளை ஆசையாகப் போகிற ஒரே இடமும் இன்றோடு போய்விடுமோ என்று பயந்தேன்.

மண்டபத்து வாசலில் மணமக்கள் பெயர் எழுதி வைக்கிற பலகையைக் கூடத்துக்குள் தூக்கி வந்து, அதில்தான் எங்கள் எல்லோருடைய பெயரையும் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மாஸ்டர் பெயருக்கு நேரே புள்ளி போடுவார். ஜெயித்தால் ஒன்று, சமமானால் அரை, தோற்றால் சைபர். ஜெயித்தவர்களை ஜெயித்தவர்களோடும் தோற்றவர்களைத் தோற்றவர்களோடும் அடுத்த சுற்றில் மோத விடுவார். மகள் முதல் ஆட்டம் தோற்றாள். இரண்டாவதும் தோற்றாள். சுற்றுக்குச் சுற்று அவளுடைய மேசை பின்னால் நகர்ந்துகொண்டே போனது. நான் என் ஆட்டத்தை ஆடினேனா, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேனா என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. ஒரு ஆட்டத்தில் மறுபடியும் குதிரையை நேராக நிறுத்தப் போய் மாட்டிக்கொண்டேன்.

ஐந்தாவது சுற்றுத்தான் கடைசி. மாஸ்டர் யாருக்கு யார் என்று ஒவ்வொரு ஜோடியாகப் படித்துக்கொண்டே வந்து, கடைசி மேசைக்கு வந்ததும் நிறுத்தினார். பிறகு மகள் பெயரையும் என் பெயரையும் சேர்த்துப் படித்தார். அதுவரை ஒரு புள்ளிகூட எடுக்காதவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. வீட்டுச் சண்டை மண்டபத்துக்கே வந்துவிட்டது என்று பண்ணைக்கார அக்கா சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை.

கடைசி மேசை, கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில். நாற்காலியில் உட்காரும்போதே நான் முடிவு செய்துவிட்டேன், தோற்றுவிட வேண்டியதுதான். தோற்பதில் எனக்கு அனுபவம் இருந்தது. யாருக்கும் தெரியாமல் தோற்க வேண்டும், அதுதான் விஷயம். ஒரு குதிரையையாவது முதலில் கொடுத்திருக்கலாம். அவசரக்காரி, எடுத்த எடுப்பில் ராணியையே கொண்டுபோய் அவள் சிப்பாய் வெட்டுகிற கட்டத்தில் வைத்தேன்.

மகள் அந்த ராணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் உதடு கோணியது.

"வேணும்னே வெக்கறீங்க," என்றாள் மெதுவாக. "ஒழுங்கா ஆடுங்கம்மா."

ராணியை எடுக்காமல் வேறு எதையோ நகர்த்தினாள். எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையின் நல்லதுக்குச் செய்தால் அவள் எனக்குப் புத்தி சொல்கிறாளா? சரி, உனக்கு ஆட்டம்தானே வேண்டும், இந்தா ஆட்டம் என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ராணியைப் பின்னால் எடுத்தேன். அவள் யானை ஒன்றைப் பிடித்தேன். அவள் என் மந்திரியைத் தூக்கினாள். அடுத்து என் ராணிக்கும் அவள் ராணிக்கும் நேருக்கு நேர் வெட்டு. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எதிரே இருப்பது என் மகள் என்பதே எனக்கு மறந்துபோனது. உள்ளதைச் சொன்னால், ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு வெறியே வந்தது. கோணலாக நின்ற காய்களைக்கூட நான் தொடவில்லை. கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தேன்.

மற்ற மேசைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. பிள்ளைகள் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். சிலர் எங்களைச் சுற்றி வந்து நின்றார்கள். நான் ஒரு சிப்பாயைத் தள்ளினேன். தள்ளிய கையை எடுத்த பிறகுதான் தெரிந்தது, என் ராஜா மூலையில் நிற்கிறது, அதன் முன்னால் என்னுடைய சிப்பாய்களே வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அவள் தன் யானையை என் கடைசி வரிசைக்கு இறக்கினால் செக்மேட். ஒரே நகர்வு.

இந்த முறை நான் வேண்டுமென்று செய்யவில்லை. அவள் நிஜமாகவே என்னை மடக்கியிருந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? பார், பார், யானையைப் பார் என்று மனசுக்குள் கூவிக்கொண்டு, வெளியே முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் பார்த்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்தது, அவள் கண் யானையிலிருந்து நேராக என் ராஜாவுக்கு வந்து நின்றது. கை யானைவரை போனது. தொடவில்லை. தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை மேசைக்கு மேலே என் பக்கமாக நீட்டினாள்.

"டிரா வெச்சுக்கலாங்களாம்மா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுற்றி நின்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்து, "மேட் இருக்குது சாமி. நல்லாப் பாரு," என்றேன்.

"தெரியும்."

"அப்புறம் என்ன? போடு."

"போட்டா உங்களுக்கு ஒண்ணுமே இருக்காதில்லைங்க."

அப்போதுதான் நானும் திரும்பிப் பலகையைப் பார்த்தேன். அவள் பெயருக்கு நேரே இருந்ததைப் போலவே என் பெயருக்கு நேரேயும் வரிசையாகச் சைபர்கள் இருந்தன. காலையிலிருந்து நான் அவளுடைய சைபர்களை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு எதுக்கு சாமி அதெல்லாம்? நான் சும்மா உனக்குத் துணைக்கு வந்தவ," என்றேன்.

"சும்மா வரலைங்க," என்றாள் மகள். அவள் குரலில் கோபம் இருந்தது. "நீங்களுந்தான் ஆடறீங்க."

வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது என் பின்னால் நின்று இந்தப் பிள்ளை எவ்வளவு நாள் பார்த்திருக்குமோ தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் நான் வைத்திருந்த ஆசையை அவள் தன் ஆசைக்குப் பக்கத்திலேயே வைத்து எண்ணியிருக்கிறாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னால் முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

நான் அழுவதைப் பார்த்ததும் அவள் பயந்துபோனாள். நீட்டிய கையைப் பாதி இழுத்துக்கொண்டு, "வேண்டாங்களா?" என்றாள்.

"வேணும் சாமி," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.