வில்ஃபிடம் மிஞ்சிய சொல்

எனிட் ஹாலம் ஐந்தடி பதினோரு அங்குல உயரம். இங்கிலாந்தின் டார்பிஷையரில் அவளும் வில்ஃபும் குடியிருந்த பழைய கல்வீட்டில், முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த வாசல் ஐந்தரை அடிதான். கல்யாணமாகி வந்த அன்றே நெற்றியை இடித்துக்கொண்டாள். வில்ஃப் அவளைவிட ஒரு சாண் குள்ளம். அவனுக்கு அந்த வாசலால் ஒரு தொந்தரவும் இல்லை.

அந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் 'டக்'. அகராதியைப் பார்த்தால் வாத்து என்றுதான் இருக்கும். ஆனால் ரொட்டிக் கடைக்காரி வாடிக்கையாளரைக் கூப்பிடுவதும் டக், பேருந்து ஓட்டுகிறவன் பாதிரியாரைக் கூப்பிடுவதும் டக். நாம் கண்ணு, ராசா என்பதில்லையா, அப்படி. கிரிக்கெட்டில் ரன் எடுக்காமல் திரும்பினாலும் டக். தலையைக் குனி என்பதும் டக்.

வில்ஃப் கல்குவாரியில் வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் அணியின் கடைசி ஆட்டக்காரன். ஒரு கோடையில் ஒன்பது முறை பூஜ்யத்தில் அவுட்டானான். வருஷக் கடைசி விருந்தில் அவனுக்கு ஒரு சுண்ணாம்பு வாத்துப் பொம்மையைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

"வாங்கிக்க டக், உன் பங்காளி!" என்றான் கேப்டன்.

"மூஞ்சி உன் ஜாடைல்ல இருக்கு?" என்று வில்ஃப் அதை வாங்கிக்கொண்டு வந்து கணப்பின் மேல் வைத்தான். அது அங்கேயே இருந்தது.

எனிட் அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் வில்ஃபின் குரல் வரும். "டக், டக்!" ஒன்று குனியச் சொல்ல, இன்னொன்று அவளுக்கு.

"எது எதுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"இடிச்சுக்கிட்டா நீ முதலாவதைக் கேக்கலேன்னு அர்த்தம்."

அவளுக்கு அவன்மேல் ஒரே ஒரு குறை உண்டு. "நாய்க்கும் டக், தபால்காரருக்கும் டக், எனக்கும் டக். எனக்குன்னு தனியா ஒரு பேரு வச்சா குறைஞ்சா போயிடுவே?"

"நாய் எங்கேயும் தலையை இடிச்சுக்கலையே, டக்."

அறுபத்தெட்டு வயதில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. போன பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது.

மருத்துவமனையில் ஆறு வாரம் இருந்துவிட்டு வந்து மாடிப் படுக்கையில் கிடந்தான். செவ்வாய்க்கிழமைதோறும் பேச்சுப் பயிற்சி கொடுக்க மிஸ் பெல்லமி வருவாள். தெற்கத்திப் பெண், பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். கோப்பை. "டக்." சாவி. "டக்." வாத்து. "டக்."

"பாத்தீங்களா! ஒண்ணு சரியாச் சொல்லிட்டாரு!" என்றாள் மிஸ் பெல்லமி.

எனிட்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சமையலறைக்கு இறங்கிப் போய்ச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகிவிட்டது.

போகப்போக அவளுக்குக் காது பழகியது. இழுத்துச் சொன்னால் தேநீர். வெடுக்கென்று வந்தால் கழிவறை. ஆனால் நர்ஸிடமும் அதே சொல்தான். ஜன்னலைப் பார்த்தும் அதே சொல்தான். என்னைப் பார்த்துச் சொல்லும்போது நான்தான் என்று தெரிந்து சொல்கிறானா? இதை அவள் யாரிடமும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மகள் ஜேனிஸ் நாட்டிங்ஹாமிலிருந்து வந்தாள். மாடி ஏறி இறங்க அம்மாவால் முடியவில்லை என்று அன்று காலை அப்பாவைக் கீழே கொண்டுவர ஏற்பாடு செய்தாள். முன்னறையில், சமையலறை வாசலுக்கு எதிரே, அவனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிறகு அவள் கைப்பையிலிருந்து முதியோர் இல்லத்தின் படிவத்தை எடுத்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு இது எந்த வீடுன்னே தெரியலை. நீ யாருன்னும் தெரியலை. இங்கே இருந்தா என்ன, அங்கே இருந்தா என்ன? இப்படித் தூக்கித் தூக்கி உன் இடுப்பு போயிடும்."

"அவர் என்னைக் கூப்பிடறாரே."

அங்கிருந்த மிஸ் பெல்லமி மெதுவாகச் சொன்னாள். "அந்த வார்த்தைக்கு இப்ப அர்த்தம் இருக்கணும்னு இல்லை மிஸஸ் ஹாலம். தும்மல் மாதிரி, தானா வந்துடும்."

"பேனா எடுத்துட்டு வரேன்" என்று எனிட் எழுந்தாள். தேநீருக்கு வைத்த கெட்டில் கொதித்ததால் மற்ற இருவரும் அவளோடு சமையலறைக்குப் போனார்கள். அப்போது வில்ஃபின் கண் ஜன்னல் பக்கம் இருந்தது.

முதலில் ஜேனிஸ் கோப்பைகளோடு திரும்பினாள். அப்பாவின் உயரம்தான் அவளுக்கும். நிமிர்ந்தபடியே வாசலைத் தாண்டினாள். வில்ஃப் வாய் திறக்கவில்லை. மிஸ் பெல்லமி பிஸ்கட் தட்டோடு வந்தாள். அப்போதும் பேச்சில்லை. கடைசியாக எனிட், பேனாவைப் பிடித்துக்கொண்டு, எங்கே போகிறோம் என்றே பாராமல் வந்தாள்.

"டக், டக்!"

சட்டென்று குனிந்தாள். குனிந்தபடியே நின்றாள்.

பிறகு குனிந்தபடியே சமையலறைக்குத் திரும்பிப் போனாள். ஜேனிஸைக் கூப்பிட்டு மறுபடி அந்த வாசல் வழியாக முன்னால் நடக்கச் சொன்னாள். சத்தமில்லை. எனிட் வந்தாள். "டக், டக்!" இன்னொரு முறை போய் வந்தாள். "டக், டக்!" அவன் முகத்தின் இடது பக்கம் மட்டும் சிரிக்கத் தொடங்கியிருந்தது. நான்காவது முறை அவள் வேண்டுமென்றே குனியவில்லை. வாசலின் மேல் மரக்கட்டை நெற்றியில் மோதி அறை அதிர்ந்தது.

"டக்!" என்று கத்தினான் வில்ஃப், அவளைத் திட்டுகிற குரலில்.

"அம்மா! என்னம்மா பண்றே நீ?"

"உங்கப்பாகூடப் பேசிக்கிட்டிருக்கேன்" என்றாள் எனிட், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. "அந்தக் காகிதத்தை உள்ளே வை."