கையில் இரண்டு ராஜா

என் கணவருக்குப் போக்கர் சீட்டாட்டம் சொல்லிக்கொடுத்த காலத்தில் எனக்கு ரத்தக்கொதிப்பு வராமல் போனது அதிசயம்தான்.

எங்கள் மகள் ஒரு சீனக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சென்ற ஆண்டு சீனப் புத்தாண்டன்று சம்பந்தி வீட்டில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து போக்கர் ஆட, இவர் மட்டும் சோபாவில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு விருந்தாளியாக இருந்தார். அது அவரை உறுத்திவிட்டது.

"அடுத்த வருஷம் நானும் அந்த மேசையில உக்காரணும். நீ சொல்லிக் குடு," என்றார். நான் அலுவலகத் தோழிகளிடம் கற்றவள். ஆங் மோ கியோவில் உள்ள எங்கள் வீட்டில் பாடம் தொடங்கியது.

ஆளுக்கு இரண்டு சீட்டு. நன்றாக இருந்தால் ஆடலாம், இல்லாவிட்டால் கவிழ்த்து வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கலாம். இதற்குமேல் என்ன எளிமை வேண்டும்? இவருக்குக் கவிழ்க்கக் கையே வராது.

"ஏழும் ரெண்டும்ங்க! இதைவிட மோசமான சீட்டே கிடையாது. கீழ வைங்க."

"இலையில போட்டதை ஒதுக்கலாமா? இருக்கட்டும், பின்னால ஏதாவது சேரும்."

சேரவில்லை. ஒரு நாளும் சேரவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அடுத்து, உட்காரும் இடம். தேக்கா மார்க்கெட்டில் பக்கத்து ஆள் மீனுக்கு என்ன விலை கேட்கிறார் என்று பார்த்துவிட்டுத்தானே நீங்கள் வாய் திறப்பீர்கள், கடைசியாக ஆடுபவருக்கும் அதே வசதிதான் என்றேன். அதை மட்டும் சட்டென்று பிடித்துக்கொண்டார். மீன் என்றால் புரிகிறது!

இந்த ஆண்டுப் புத்தாண்டன்று மதியம் சம்பந்தி வீட்டு மேசையில் எங்களுக்கும் நாற்காலி போட்டார்கள். காசு கிடையாது, வறுத்த வேர்க்கடலைதான் பந்தயம். இவர் வந்த சீட்டையெல்லாம் ஆடித் தோற்றார். போதாக்குறைக்குப் பந்தயக் கடலையைத் தின்னவும் செய்தார்.

பிறகு அந்தக் கை வந்தது. பக்கத்திலிருந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது, இரண்டு ராஜா. எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரித்த மூன்றும் சின்னச் சீட்டுகள். மற்றவர்கள் ஒதுங்கிவிட, மிஞ்சியவர்கள் சம்பந்தியும் இவரும்தான். சம்பந்தி ஒரு குவியல் கடலையைத் தள்ளினார். கடைசி வாய்ப்பு இவருடையது. கண்ணை மூடிக்கொண்டு ஆடலாம், ஜெயிக்கிற கை.

இவர் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக!

"என்னங்க இது?"

"பொண்ணைக் குடுத்தவன் நான். சம்பந்தி ஏத்தும்போது எதிர்த்து நிக்கலாமா?"

என்னால் தாங்க முடியவில்லை. சீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டேன். சம்பந்தி இரண்டு ராஜாவையும் பார்த்தார். எங்கள் மகளிடம் விளக்கம் கேட்டார். அவள் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தன் சீட்டை விசிறிப் போட்டார். அதில் ஒன்றுமேயில்லை, வெறும் மிரட்டல்.

"எனக்கு விட்டுக்கொடுக்கணும்னா போய் சோபாவில உட்காரு. இங்க உட்கார்ந்தா ஒழுங்கா ஆடு லா!" என்று எங்கள் ஊர் ஆங்கிலத்தில் கத்தினார். கூடப்பிறந்த தம்பியைத் திட்டும் தொனி அது. நாங்கள் சம்பந்தியான நாளிலிருந்து அவர் இவரிடம் குரல் உயர்த்தியதே இல்லை.

இவர் எழுந்து போகவில்லை. நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டார்.

அடுத்த கையில் இவருக்கு வந்தது ஏழும் இரண்டும். சம்பந்தியை நேராகப் பார்த்தபடி, மிச்சமிருந்த கடலை முழுவதையும் நடுவில் தள்ளினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.